ஊசி நோட்டும் ஒட்டுப்போட்ட பானையும்

உடைந்த ஊசிகளைக் கையில் வைத்துக்கொண்டு விமானம் ஏற முடியாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கோயம்புத்தூர் விமான நிலையத்தில் என் கைப்பையை எக்ஸ்ரேவுக்குள் அனுப்பிய காவலர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். பிறகு பையைத் திறக்கச் சொன்னார். உள்ளே நீளமான பைண்டு நோட்டு ஒன்று. பக்கத்துக்கு ஏழெட்டு வீதம் செல்லோ டேப் போட்டு ஒட்டிய உடைந்த ஊசிகள்.

"ஏனுங்க, இது என்னங்க?" என்றார். கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆள்தான்.

"ஊசி நோட்டுங்க. பனியன் கம்பெனி."

"பனியன் கம்பெனிக்கு ஊசி வேணும், சரீங்க. ஒடஞ்ச ஊசி எதுக்குங்க?"

பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. விளக்கம் சொல்லிப் பயனில்லை. பையும் பெட்டியோடு சரக்குப் பகுதிக்குப் போனது. நான் வெறுங்கையோடு ஜெர்மனிக்குப் புறப்பட்டேன்.

அவருக்குச் சொல்லாத விளக்கத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். ஏற்றுமதிக்குத் தைக்கும் கம்பெனிகளில் ஓர் ஊசி உடைந்தால், டைலர் மிஷினை நிறுத்திவிட்டுக் கை தூக்க வேண்டும். உடைந்த துண்டுகள் எல்லாம் கிடைத்த பிறகு அவற்றைச் சேர்த்து நோட்டில் ஒட்டி, தேதி, மிஷின் நம்பர், டைலர் பெயர், கையெழுத்து. அதற்குப் பிறகுதான் புது ஊசி. ஒரு துண்டு கிடைக்கவில்லை என்றாலும் அந்தத் துணிக்கட்டு முழுவதும் நகரக் கூடாது. குழந்தைத் துணி என்றால் கேட்கவே வேண்டாம். எங்கள் கம்பெனியில் தரம் பார்ப்பதும் நான், அந்த நோட்டுக்குப் பொறுப்பும் நான். க்யூ.சி. செல்வராஜ் என்றால் தையல் லைனில் எல்லோருக்கும் தெரியும். அதிலும் பாதிப் பேருக்குப் பிடிக்காது.

எங்கள் ரோம்பரில், அதாவது கையும் காலும் சேர்ந்த கைக்குழந்தை உடுப்பில், ஓர் ஊசி முனை இருந்ததாக ஜெர்மனியில் ஒரு தாய் புகார் கொடுத்திருந்தார். நல்ல வேளை, போடுவதற்கு முன் அவர் கையில் தட்டுப்பட்டிருக்கிறது. நோட்டோடு நேரில் வரச் சொல்லி பையர், அதாவது எங்கள் துணியை வாங்கும் ஜெர்மன் கம்பெனி, அழைத்திருந்தது. இவ்வளவுதான் அனுப்பலாம் என்ற கோட்டாக் கட்டுப்பாடு முடிந்து திருப்பூரில் வீட்டுக்கு வீடு ஏற்றுமதி பேசிய காலம் அது. எங்களுக்கு இருந்த பெரிய பையர் இவர்கள் மட்டும்தான். "நோட்டு சுத்தமா இருக்குதுங்கள்ள தம்பி? காட்டிப்போட்டு வந்துருங்க, முருகன் பாத்துக்குவான்" என்றார் முதலாளி.

நோட்டு சுத்தமாக இல்லை. அதில் ஒரு பொய் இருந்தது. ஒட்டியவன் நான்.

அந்த ரோம்பர் ஷிப்மென்ட் கிளம்பிய நாளில் ஜெசிந்தாவின் ஓவர்லாக் மிஷினில் ஊசி உடைந்தது. ஜெசிந்தா எங்கள் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். ஊசியின் உடம்பு கிடைத்தது, முனை கிடைக்கவில்லை. காந்தத்தைத் தரையெல்லாம் தேய்த்தோம். ஊசி கண்டுபிடிக்கும் டிடெக்டர் பழுதுபார்க்கப் போயிருந்தது. துறைமுகத்துக்குப் போக வேண்டிய லாரி வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. முதலாளி அரைமணிக்குள் மூன்று தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார். நான் ஸ்டோரிலிருந்து ஒரு புது ஊசியை எடுத்தேன், முனையை ஒடித்தேன், அந்த உடம்போடு சேர்த்து ஒட்டினேன். ஜெசிந்தா பார்த்துக்கொண்டே இருந்தாள். "அண்ணாச்சி, மொனை கெடைக்கலையே" என்றாள். "நான் பாத்துக்கிடுதேன், நீ கையெழுத்தப் போடு" என்றேன். போட்டாள்.

அவசரத்தில் இன்னொரு தப்பும் நடந்தது. உடம்பு ஒன்பதாம் நம்பர் ஊசி. நான் ஒடித்தது பதினொன்று, அதைவிடப் பருமன். ஊசி பிடித்துப் பழகிய எவருக்கும் அது பார்த்தவுடனே தெரியும்.

புதன்கிழமை சாயங்காலம் போய் இறங்கினேன். அந்த ஊரின் பெயரை எழுதினால் பையர் யார் என்று திருப்பூரில் நாலு பேர் கண்டுபிடித்துவிடுவார்கள், ஆகவே எழுதவில்லை. பெட்டிகள் வரும் பட்டை அரைமணி நேரம் சுற்றியது. எல்லோருடைய பெட்டியும் வந்தது. என்னுடைய பெட்டியும் பையும் வரவில்லை. கவுண்டரில் இருந்தவர் ஒரு படிவத்தை நீட்டி, "விலையுயர்ந்த பொருள் ஏதும் உண்டா?" என்று கேட்டார். என்ன எழுதுவது? "நோட்டு" என்று எழுதினேன். சங்கடப்பட வேண்டிய நேரத்தில் எனக்கு உள்ளுக்குள் ஒரு குஷி. தொலைந்தே போகட்டும் என்று நினைத்தேன். நோட்டு இல்லையென்றால் அந்தப் பக்கமும் இல்லை.

வியாழக்கிழமை ஊரே அடைத்துக் கிடந்தது. ஏதோ தேவாலயத் திருநாளாம். திருப்பூரில் எந்தப் பண்டிகைக்கும் ஒரு டீக்கடையாவது திறந்திருக்கும். இங்கே மாற்றிக்கொள்ள ஒரு சட்டை வாங்கக்கூட வழியில்லை. சட்டைக்கே பேர்போன ஊரிலிருந்து வந்தவனுக்கு இந்த நிலைமை. விடுதிக்காரப் பெண்மணி சொன்னது இன்னும் மோசம்: "நாளையும் யாரும் வேலைக்கு வரமாட்டார்கள். நாளை பாலம்." விடுமுறைக்கும் சனிக்கிழமைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட வெள்ளிக்கிழமைக்கு அவர்கள் வைத்த பெயர் அது. பாலத்தின் மேல் வேலை செய்வது வழக்கமில்லையாம். எங்கள் கம்பெனியில் தீபாவளிக்குத் தெற்கே போனவர்கள் பத்து நாள் கழித்துத்தான் திரும்புவார்கள். நாங்கள் அதற்கு இவ்வளவு அழகாகப் பெயர் வைக்கவில்லை, திட்டுவதோடு சரி.

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. லைனுக்கு லைன் நடந்தே பழகிய கால். அந்த விடுதி அறையில் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நாலே அடி. அதற்குள் எத்தனை தடவைதான் நடப்பது?

வெள்ளிக்கிழமை, யாராவது இருக்கமாட்டார்களா என்று பையர் ஆபீசைத் தேடி டிராமில் ஏறினேன். எதிர்த் திசை டிராம். வீடுகள் குறைந்தன, மரங்கள் கூடின, கடைசியில் மஞ்சள் மஞ்சளாகப் பூத்த வயல் வந்துவிட்டது. திருப்பூர் தாண்டி நம் குண்டடம் காட்டில் கொண்டுபோய் இறக்கிவிட்ட மாதிரி இருந்தது. வெயில் மட்டும்தான் இல்லை. டிரைவர் தன் இருக்கையை விட்டு எழுந்து வந்தார். "இங்கேயே குடியிருக்கப் போகிறீர்களா, என்னோடு திரும்பி வருகிறீர்களா?" என்று கேட்டதாகப் பின்னால் உட்கார்ந்திருந்த மாணவி மொழிபெயர்த்துச் சொன்னாள். திரும்பி வந்தேன். அதே டிராமில் ஒரு தள்ளுவண்டியில் கைக்குழந்தை ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. பச்சை உடுப்பு, எங்களுடையது இல்லை. ஆனாலும் இறங்கும்வரை அதன் கைப்பகுதித் தையலை விட்டு என் கண் நகரவில்லை. அந்தத் தாய் வண்டியை மெதுவாக மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

சாப்பாடு பற்றிச் சொல்ல நிறைய இல்லை. ரொட்டியைக் கடித்தால் பல் பேசியது. உருளைக்கிழங்கை வேகவைத்து, வேகவைத்தோம் என்று தெரியும்படியே வைக்கிறார்கள். ஸ்டேஷன் அருகே ஒரு துருக்கிக்காரர் கடையில் கறியும் மிளகாய்த்தூளும் கண்ணில் பட்டன. அவரிடம் கைஜாடையில் இன்னும், இன்னும் என்று தூளைப் போடச் சொன்னேன். "உங்கள் வயிறு, உங்கள் விருப்பம்" என்றார் ஆங்கிலத்தில். திருப்பூர் ராயபுரத்து வீட்டில் என் மனைவி கட்டிக்கொடுத்த பருப்புப் பொடி எந்த நாட்டு விமான நிலையத்தில் கிடந்ததோ.

சனிக்கிழமை மழை. அறையில் நான் நடக்கும் சத்தம் கீழே கேட்டிருக்க வேண்டும். விடுதிக்காரப் பெண்மணி குடையைக் கையில் கொடுத்து, இரண்டு தெரு தள்ளி மியூசியம் இருக்கிறது, போய் நடங்கள் என்றார். வாசலில் பெரிய பலகை. பழங்காலம் முதல் இன்றுவரை மனிதர் வாழ்ந்த கதை என்று ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. அது எப்போதும் இருக்கும் கண்காட்சி, வந்து போவது இல்லை என்றார் டிக்கெட் கொடுத்தவர்.

தரையில் அம்புக்குறி போட்டிருந்தார்கள். நான் அம்பைவிட வேகமாக நடந்தேன். கல் கோடரியிலிருந்து ரோமானியர் கண்ணாடிக் கிண்ணம் வரை ஐந்து நிமிஷம். மரச் சிலுவைகள், கவசங்கள், பூட்டுகள், ஒரு தறி, ஒரு நீராவி எந்திரத்தின் மாதிரி, சண்டைக்காலத்து ரேஷன் அட்டைகள், வானொலிப் பெட்டி. கடைசி அறைக்கு 'இன்று' என்று பெயர். அதில் ஒரு செல்போன், ஒரு காகிதக் காப்பிக் கோப்பை, ஒரு வெள்ளை டி-சர்ட். கண்ணாடிக்குள் டி-சர்ட்டைப் பார்த்ததும் கை பரபரத்தது. பனியன் ஊர்க்காரனுக்குத் துணியைப் பார்த்தால் முதலில் உள்பக்கத்தைத் திருப்பத் தோன்றும். திருப்ப முடியாததால் வெளியிலிருந்தே செக்கிங் முடித்தேன். ஓரத்தையல் சரி. கழுத்துப் பட்டி லேசாக அலையடித்திருந்தது. நான் பாஸ் பண்ணியிருக்கமாட்டேன்.

மனிதகுலத்தின் மொத்தக் கதையையும் முக்கால் மணியில் முடித்துவிட்டேன். வெளியே மழை விடவில்லை. வேறு வழியில்லாமல் மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.

இரண்டாம் சுற்றில்தான் அந்த ஊசி கண்ணில் பட்டது. ரோமானியர் அறையில், கறுப்புத் துணியின் மேல், பச்சை பாரித்த வெண்கல ஊசி. காது இருக்கிறது, உடம்பு இருக்கிறது, முனை இல்லை. அடுத்து நான் செய்ததை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. சட்டென்று குனிந்து, கண்ணாடிப் பெட்டிக்கு அடியில் தரையைத் தேடினேன். முழங்காலே போட்டுவிட்டேன். பத்து வருஷப் பழக்கம், யோசிப்பதற்குள் உடம்பு போய்விட்டது.

"என்ன தொலைத்துவிட்டீர்கள்?" நீலக் கோட்டுப் போட்ட காவல் பெண்மணி பக்கத்தில் வந்து நின்றார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அவருடைய ஆங்கிலமும் என்னுடையதும் பாதி வழியில் சந்தித்துக்கொண்டன.

"ஊசி முனை," என்றேன்.

அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அது ஆயிரத்து எண்ணூறு வருஷமாகக் காணோம்," என்றார். பெட்டிக்கு அருகே இருந்த அட்டையைக் காட்டிப் படித்தார்: "முனை உடைந்தது. கிடைக்கவில்லை."

அவ்வளவு சாதாரணமாக எழுதியிருந்தார்கள். கையெழுத்துக்கூட இல்லை.

என் அசட்டுத்தனத்தை மறைக்க வேண்டும் என்று பக்கத்தில் இருந்த பானையைப் பற்றிப் பேச்சை மாற்றினேன். பெரிய சிவப்புப் பானை. உடைந்த ஓடுகளை ஒட்டி நிறுத்தியிருந்தார்கள். காணாமல் போன ஓடுகளின் இடத்தை வெளுத்த சாம்பல் நிறத்தில் பூசி நிரப்பியிருந்தார்கள். தேமல் விழுந்த மாதிரி இருந்தது. எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. இவ்வளவு பெரிய கட்டடம், இவ்வளவு விளக்கு, ஒரு கலரைச் சேர்க்கத் தெரியவில்லையா?

"இந்த ஒட்டு வேலை சரியில்லை," என்றேன். "ஷேடு சேரவில்லை. எங்கள் ஊரில் இது ரிஜெக்ட். எங்கள் சாயப்பட்டறையில் கொடுத்தால் வித்தியாசமே தெரியாமல் சேர்த்துக்கொடுப்பார்கள்."

அவர் சிரிக்கவில்லை. "இங்கேயும் முடியும்," என்றார். "வேண்டுமென்றேதான் சேர்க்கவில்லை. எது பழையது, எது நாங்கள் வைத்தது என்று பார்க்கிறவருக்குத் தெரிய வேண்டும். தெரியாதபடி செய்துவிட்டால் அந்தப் பானை முழுவதும் பொய்."

அவர் அடுத்த அறைக்குப் போய்விட்டார். அவரைப் பொறுத்தவரை அது தினமும் யாராவது கேட்கும் கேள்வி. நான் அந்தப் பானையின் முன் நின்றேன். அந்த ஊருக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாக நடக்காமல் நின்றேன். அந்த முனையை நான் எவ்வளவு கச்சிதமாக ஒட்டினேன் என்று நினைத்துக்கொண்டேன். டேப்பில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் விமானக் கம்பெனி ஆள் பெட்டியையும் பையையும் கொண்டுவந்து, பரிசு கொடுப்பவர்போலச் சிரித்துக்கொண்டே இறக்கிவைத்தார். பொடிப் பொட்டலம் பிரிந்து நோட்டு முழுக்கக் கொட்டியிருந்தது. ஒவ்வொரு பக்கமாகத் தட்டினேன். அந்தப் பக்கம் வந்தது. ஒன்பதாம் நம்பர் உடம்பு, பதினோராம் நம்பர் முனை. கிழித்துவிடலாமா என்று யோசித்தேன். பக்கங்களுக்கு நம்பர் போட்டிருந்தவனும் நானே.

திங்கட்கிழமை பையர் ஆபீசில் ஹைகே என்ற பெண் அதிகாரி காத்திருந்தார். மேஜையில் ஒரு லென்ஸ், சின்ன பிளாஸ்டிக் உறையில் அந்தத் தாய் அனுப்பிய முனை. லென்ஸே தேவைப்படவில்லை. நல்ல பருமன். ஜீன்ஸ் தைக்கிற பதினாறாம் நம்பர். எங்கள் கம்பெனிக்குள் அந்த ஊசி வந்ததே கிடையாது.

"இது எங்களுடையதில்லை," என்றேன்.

"தெரியும். எங்கள் லேபும் அதையேதான் சொல்கிறது," என்றார். "அந்த வீட்டில் வேறு துணியிலிருந்து வந்திருக்கலாம். சம்பிரதாயத்துக்காக நோட்டைப் பார்த்துவிடுகிறேன்." பக்கம் பக்கமாகத் திருப்பினார். ஒரு தடவை தும்மினார். "இது என்ன வாசனை?" பருப்புப் பொடி என்றேன். அந்தப் பக்கத்தையும் திருப்பினார், தாண்டினார். ஒன்பதும் பதினொன்றும் அவர் கண்ணில் படவில்லை. நோட்டை மூடி என் பக்கம் தள்ளினார். "மன்னிக்கவும், உங்களை இவ்வளவு தூரம் வரவழைத்துவிட்டோம். அடுத்த சீசனுக்கு இன்னும் பெரிய ஆர்டர் பேசலாம்," என்று கை நீட்டினார்.

எல்லாம் முடிந்துவிட்டது. கையைக் குலுக்கிவிட்டு வெளியே வந்தால் மறுநாள் விமானம். ஆனால் எனக்கு அப்போதுதான் விஷயம் முழுசாக உறைத்தது. இந்த முனை எங்களுடையதில்லை என்றால், எங்கள் முனை எங்கே? அது இன்னும் ஏதோ ஒரு ரோம்பரில் இருக்கிறது. அந்தத் துணியைப் போடப் போகும் குழந்தையைப் பற்றி இந்த உலகத்தில் எனக்கும் ஜெசிந்தாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

நான் கை கொடுக்கவில்லை. நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். "இந்த முனை இந்த ஊசியுடையதில்லை. நான் ஒட்டியது," என்றேன்.

நீட்டிய கையை அவர் மெதுவாக மேஜைமேல் வைத்தார். "எந்த சைஸ், எந்தக் கலர்?" என்று மட்டும் கேட்டார். ஆறு மாதக் குழந்தை சைஸ், இளமஞ்சள் என்றேன். குடோனுக்குப் போன் போட்டார். அந்தச் சைஸிலும் கலரிலும் பெட்டிகள் பாதி குடோனில், மீதி கடைகளில். கொஞ்சம் விற்றும் போயிருந்தது. எல்லாவற்றையும் திரும்ப வரவழைக்கச் சொன்னார். பிறகு என்னிடம், "அடுத்த சீசன் ஆர்டர் இனி இல்லை, புரிகிறதல்லவா?" என்றார். புரிகிறது என்றேன். "நீங்கள் இப்போது சொன்னதற்கு நன்றி சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை," என்றார்.

முதலாளிக்குப் போன் செய்தேன். "அவிங்க கேட்டாங்களா, நீங்களாச் சொன்னீங்களா?" என்றார்.

"நானாத்தான் சொன்னேனுங்க முதலாளி."

"எல்லார் பொழப்புலயும் மண்ணள்ளிப் போட்டுப்போட்டீங்களே தம்பி!" போன் வைக்கப்பட்டது. நான் அந்த வராண்டாவில் மேலும் கீழும் நடந்தேன். கால்மணி கழித்து அவரே கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது. "அன்னைக்கு லாரிக்கு அவசரப்படுத்துனது நாந்தானுங்க. இருந்து தேடிக் குடுத்துப்போட்டு வாங்க. மத்தத வந்தபொறவு பேசிக்கலாமுங்க."

செவ்வாய் முழுவதும் குடோனில் நின்றேன். டிடெக்டர் பட்டையில் ஒவ்வொரு ரோம்பராக வைத்து அனுப்புவது, மறுமுனையில் எடுத்து மடிப்பது. உட்காரச் சொன்னார்கள், முடியவில்லை. மிஷின் ஒரு சத்தமும் போடவில்லை. விற்றுப்போனவற்றில் இருக்கக் கூடாது என்று ஒரு நிமிஷம் ஜெபம், அடுத்த நிமிஷம் அதே ஜெபம். புதன்கிழமை மத்தியானம், ஒரு கடையிலிருந்து திரும்பி வந்த பெட்டியில், மிஷின் கத்தியது. அந்த ரோம்பரை உள்பக்கமாகத் திருப்பினேன். கழுத்து, தோள், கைக்குழி என்று தையல்மேல் விரலை ஓட்டினேன். கைக்குழியில் சுருக்கென்று குத்தியது.

வாழ்க்கையில் எத்தனையோ ஊசி குத்தியிருக்கிறது. குத்தியதற்காக அழுதது அது ஒன்றுதான். ஹைகே பஞ்சு எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

அங்கிருந்தே கம்பெனிக்குப் போன் போட்டு, லைனில் இருந்து ஜெசிந்தாவைக் கூப்பிடச் சொன்னேன். அவள் மூச்சு வாங்க வந்து எடுத்தாள். பின்னால் மிஷின்கள் ஓடும் சத்தம் கேட்டது.

"ஏ ஜெசி, மொனை கெடச்சிட்டு."

"எங்கன அண்ணாச்சி கெடந்துச்சு?"

"ஜெர்மனில. ஒரு பீஸோட கைக்குழில இருந்துச்சு."

அவள் குரல் உடைந்தது.

"நான் அன்னையிலேருந்து தெனமும் காலைல மிஷினுக்கு அடியில ஒரு தடவ தேடிட்டுத்தான் அண்ணாச்சி உக்காருதேன்."